வாணவேடிக்கை யாருக்கு?

எமது கல்லூரியின் வைர விழாவை எவ்வாறு கொண்டாடலாம் என்று ஆலோசனை கேட்டு விழாக் குழுவினர் எழுதிய கடிதமொன்று, சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில், இலண்டனில் வாழும் பழைய மாணவராகிய எமக்குக் கிடைத்தது. பூசை, பொதுக்கூட்டம், நாடகம், ஓட்டப்போட்டி, விருந்து என நிகழ்ச்சிகளை நிரலாகக் குறித்திருந்த அக்கடிதத்தின் ஈற்றில் ஒரு வினாவும் இருந்தது. இறுதி நாளிரவு கல்லூரி மைதானத்திற் பெரியதொரு வாணவேடிக்கை நிகழ்த்த மாணவர் பெரிதும் விரும்புகின்றனர்; அதன் செலவைக் கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஏற்றுக்கொள்வரா என்பதே அவ்வினா.

இதனை ஆராயக் கூடிய யாம் இரு பிரிவாயினோம். ஒரு சாரார், பிள்ளைகள் கேட்கும் மகிழ்ச்சியை மறுத்தற்கு நாம் யார் என்றனர். மற்றொரு சாரார், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வெடியோசையே கேட்டு நொந்த மண்ணிற் காசு கொடுத்து மேலும் வெடி வாங்குவதா என்றனர். இரு சாரார் கூற்றிலும் உண்மையுண்டு. அதனாலேயே முடிவொன்றும் காணாது கலைந்தோம். முடிவை எமக்குக் காட்டித் தந்தது அக்கூட்டமன்று. அதன்பின் சில நாட் கழித்து அயல் நாட்டிலே யாம் கண்ட ஒரு வாணவேடிக்கையே. அதனை ஈண்டு எடுத்துரைத்து, அதன்வழி எமது கருத்தையும் கூற விழைகின்றோம்.

நவம்பர் 5ஆந் திகதி இங்கிலாந்தில் அரசாங்க விடுமுறை நாளன்று. ஆயினும் பண்டிகை நாள். அன்றிரவு பூங்காக்களிலும் வெளிகளிலும் பெரிய தீ மூட்டி, வாணம் விட்டு மக்கள் மகிழ்வர். எமது இல்லத்துக்கு அண்மையிலுள்ள பூங்காவுக்கு யாமும் சென்றிருந்தோம். ஈரப் புல்லும், மூச்சுப் புகையாய் எழும் குளிரும், எரியும் விறகின் மணமும், சீனிப்பாகிலே தோய்த்த அப்பிள் பழம் விற்போர் குரலுமாய் அவ்விடம் நமது கோயிற் கொடியேற்றத் திருவிழாவின் இரவொன்றைப் போலவே தோன்றிற்று. வெள்ளையரும் கறுப்பரும், குசராத்தியரும் சோமாலியரும், எம்மைப் போன்ற ஈழத்தவரும் கம்பி மத்தாப்பைப் பிடித்த பிள்ளைகளோடு தோளோடு தோளாக நின்றனர்.

எம்முடன் வந்த கல்லூரித் தோழர் ஒருவர் தம் தாயாரையும் அழைத்து வந்திருந்தார். எண்பது வயதை அண்மிய அம்முதியவர் அவ்வாண்டு கோடையிலேதான் ஊரிலிருந்து வந்தவர். சேலைக்கு மேற் கம்பளிச் சட்டையணிந்து, பேர்த்தியின் கையைப் பற்றியபடி, தீயைப் பார்த்து நின்றார். மரங்களின் பின்னாலிருந்து 'குப்' என்றொரு சத்தம் எழுந்தது. வானத்தில் இன்னும் ஒன்றும் தோன்றவில்லை. "குத்துறான், படுங்கோ!" என்று கூவிய அம்மூதாட்டி, பேர்த்தியை இழுத்துத் தம் சேலைத் தலைப்பினுள் அணைத்துக்கொண்டு அவ்வீரப் புல்லிலே குப்புற விழுந்தார். அடுத்த கணம் மேலே செந்நிறப் பூவொன்று விரிந்தது. "அப்பம்மா, எழும்புங்கோ, பூ, பூ!" என்று சேலையினுள்ளிருந்து சிறுமி சிரித்தாள். பாட்டி எழவில்லை. அவர் உடல் நடுங்குவதை உணர்ந்தபின் சிறுமியின் சிரிப்பும் நின்றது.

கல்லூரியில் எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர், மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கும்படி கூறுவார். ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஆகவே மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் எனக் கணக்கிட்டால் இடி எவ்வளவு தொலைவில் என்பது புலப்படும். பின்னர் வந்த காலம் அதே வித்தையை எம்மக்களுக்கு வேறு வகையாகப் பயிற்றிற்று. எறிகணை ஏவப்படும் ஓசையைக் கேட்டு, அது விழும்வரை எண்ணி, எத்திசையில் எவ்வளவு தூரத்தில் என்று அறியும் திறன் பள்ளி செல்லாத பாட்டியருக்கும் கைவந்தது. அம்முதியவரும் 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்தைவிட்டுத் தென்மராட்சி நோக்கி மழையிலே நடந்த பெருங்கூட்டத்தில் ஒருவர். ஐப்பசியிருளும், ஈரத்தரையும், 'குப்' என்னும் ஓசையும் ஒன்றுகூடியபோது அவர் உடல் தான் கற்றதைச் செய்தது. அதிற் பிழையொன்றுமில்லை.

உண்மையில், அவர் செவி கேட்டதும் பொய்யன்று. வாண வித்தகர் பயன்படுத்தும் குழாய்க்கும் போர்க்களத்துச் சிறு பீரங்கிக்கும் ஆங்கிலத்தில் மோட்டார் என்பதே பெயர். அதிலிருந்து எழும் உருண்டைக்கும் அவ்வாறே ஷெல் என்பதே பெயர். இரண்டினையும் முதன்முதல் மேலே தூக்கிய மருந்தும் ஒன்றே: வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. அம்மருந்தோடு பேரியத்தின் உப்பைச் சேர்ப்பின் பச்சை ஒளி தோன்றும். செம்பின் உப்பு நீலம் தரும். சோடியத்தின் உப்பு மஞ்சள் தரும். இரும்பைச் சேர்ப்பின் உயிர் போகும். பொருள் ஒன்று; பயன் வேறு. எனவே, ஓசையை வைத்து ஒன்றைத் திருவிழாவென்றும் மற்றொன்றைப் போரென்றும் பிரித்தறிதல் இயலாது. பிரிப்பது வேறொன்று. அஃது யாதென்பதே எமது வினா.

இங்கிலாந்தின் அப்பண்டிகையின் வரலாற்றிலே அதற்கு விடை தேடலாம். அந்நாட்டிற் சீர்திருத்தச் சமயம் அரச சமயமானபின், கத்தோலிக்கராய் நிலைத்தோர் பெருந் துன்பங்களுக்கு ஆளாயினர். அரச ஆலயத்துக்குச் செல்லாதோர்க்கு மாதம் 20 பவுண் தண்டம் என்று 1581ஆம் ஆண்டிற் சட்டம் பிறந்தது. 1603இல் முதலாம் யேம்ஸ் மன்னன் முடிசூடியபோது நிலைமை தளரும் என நம்பிய கத்தோலிக்கர் ஏமாந்தனர். அவ்வேமாற்றத்தில் வெகுண்ட சிலர், றொபேட் கேற்ஸ்பி என்பான் தலைமையிற் கூடி, மன்னன் பாராளுமன்றத்தைத் திறந்துவைக்கும் நாளில் அம்மண்டபத்தையே தகர்க்கச் சதி செய்தனர். பிரபுக்கள் சபையின் கீழறையில் 36 பீப்பா வெடிமருந்து அடுக்கப்பட்டது. அதனைக் காத்து நின்றவன் 'கை போக்ஸ்' என்னும் போர்வீரன். அன்று பாராளுமன்றத்துக்குச் செல்ல வேண்டாமென எச்சரித்து மொன்ரீகிள் பிரபுவுக்கு எவரோ அனுப்பிய பெயரில்லாக் கடிதத்தால் ஐயம் பிறந்து, 1605ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் திகதி நள்ளிரவையொட்டிப் போக்ஸ் பிடிபட்டான். மறுநாள் மன்னன் உயிர் பிழைத்தமைக்காக இலண்டன் மக்கள் வீதிகளிலே தீ மூட்டி மகிழ்ந்தனர். அத்தீயே இன்றும் எரிவது.

தப்பிய உயிருக்காக மகிழ்தல் தவறன்று. ஆனால் அம்மகிழ்ச்சி அவ்வளவில் நிற்கவில்லை. ஆண்டுதோறும் நவம்பர் 5இல் ஆலயங்களில் நன்றி வழிபாடு நடத்துதல் கடமையென 1606ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் சட்டமியற்றிற்று. சதி செய்தோர் ஒரு சிலர். பழி சுமந்தோரோ கத்தோலிக்கர் யாவரும். அவர்மீதான சட்டங்கள் மேலும் இறுகின. போக்ஸின் உருவத்தோடு பாப்பரசரின் உருவத்தையும் அத்தீயில் இட்டு மக்கள் ஆரவாரித்தனர். அவ்விரவுகளில் ஒரு கத்தோலிக்கத் தாய் தன் வீட்டுக் கதவை அடைத்து, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு எவ்வாறு இருந்திருப்பாள் என்பதை உய்த்துணர்தல் எமக்கு அரிதன்று. ஒரே வானம், ஒரே வாணம். ஒரு வீட்டுக்கு விழா, அடுத்த வீட்டுக்கு அச்சம்.

இந்நிலை மாறக் காலம் நெடிது சென்றது. 1829இலேதான் கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரும் உரிமை பெற்றனர். நவம்பர் 5 வழிபாட்டைக் கடமையாக்கிய சட்டம் 1859இல் நீக்கப்பட்டது. எண்ணிப் பார்ப்பின் 253 ஆண்டுகள். ஒரு நாட்டினர் தம் குடிகளுள் ஒரு பகுதியினரைப் பார்த்து, "உங்களை நினைத்து அஞ்சியமைக்காக ஆண்டவனுக்கு நன்றி கூறுவதை இனிச் சட்டமாக வைத்திரோம்" என்று கூறுதற்கு அத்தனை காலம் பிடித்தது. அதன்பின்னரே அப்பண்டிகை மெல்ல மெல்ல எல்லார்க்கும் உரியதாயிற்று. இன்று பல பூங்காக்களில் உருவம் எரிப்பதுமில்லை; வாணம் மட்டுமே உண்டு.

ஈண்டு பழைய மாணவராகிய எமக்குச் சுவை தரும் செய்தியொன்றுண்டு. போக்ஸ் கற்றது யோர்க் நகரிலுள்ள புனித பீற்றர் பாடசாலையில். நாடெங்கும் அவன் உருவத்தை எரித்த காலத்திலும் அப்பாடசாலையில் அதனை எரிப்பதில்லை என்பது வழக்கம். காரணம் யாதெனின், அவன் அப்பாடசாலையின் பழைய மாணவன்! அவன் செய்தது நன்றென அப்பாடசாலையினர் கூறுவதில்லை. ஆயினும் தன் மடியிலிருந்து எழுத்தறிந்து போன ஒருவனைத் தீயிலிட்டுக் கைகொட்டுதல் கல்வி நிலையமொன்றுக்குத் தகாது என்னும் நுண்ணுணர்வு அவ்வழக்கத்திலே தெரிகின்றது. கல்லூரி என்பது தாய். தாய் தன் பிள்ளையைத் திருத்துவாள், கண்டிப்பாள், கண்ணீர் வடிப்பாள், எரிப்பதைக் கொண்டாடமாட்டாள். நமது கல்லூரியின் பிள்ளைகளும் பற்பல வழிகளிற் சென்றவர்கள். எவ்வழியிற் சென்று எவ்வாறு முடிந்தவராயினும் அவர்தம் பெயர் நமது இடாப்பில் உண்டு. விழா நாளில் இதனை நினைவிலிருத்துவோமாக.

அந்நாட்டில் லூயிஸ் என்னும் ஊரிலே இப்பண்டிகை இன்றும் பழைய வேகத்தோடு நடைபெறுகின்றது. மேரி அரசியின் காலத்தில், 1555ஆம் ஆண்டு தொடக்கம் 1557ஆம் ஆண்டு வரை, அங்கு உயிரோடு எரிக்கப்பட்ட 17 சீர்திருத்தச் சமயத்தவரின் நினைவாக 17 எரியுஞ் சிலுவைகளை ஏந்திச் செல்வர். தம் இறந்தோரை நினைந்து தீப்பந்தம் ஏந்துதலை எவர் குறை கூறுவர்? குறை தொடங்குவது, தம் இறந்தோரை நினைத்தல் பிறர் இறந்தமைக்கு மகிழ்தலாக மாறும் இடத்திலே. விளக்கு ஒன்று, வெடி ஒன்று. முன்னதற்கு எவரிடமும் அனுமதி வேண்டியதில்லை. பின்னதற்கு அயலவர் மனமறிதல் வேண்டும்.

அயலவர் மனமறிதல் சட்டமாகவும் வரக்கூடும். 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வாணங்கள் பற்றிய ஒழுங்குவிதிகள் வகுக்கப்பட்டன. இரவு 11 மணிக்குப் பின் வாணம் விடுதல் குற்றமென்று விதித்த அவை, நான்கு இரவுகளுக்கு மட்டும் விலக்களித்தன. நவம்பர் 5இல் நள்ளிரவு வரை விடலாம். ஆங்கிலப் புத்தாண்டு, சீனப் புத்தாண்டு, தீபாவளி ஆகிய மூன்று இரவுகளிலும் ஒரு மணி வரை விடலாம். போக்ஸின் பெயரால் வந்த நாளுக்குக் கொடுத்ததினும் ஒரு மணி நேரம் கூடுதலாக நமது தீபாவளிக்கு அந்நாட்டு விதி இடமளித்திருப்பதைக் கண்டு யாம் வியந்தோம். ஒரு காலத்திற் பிறன் சமயத்தைத் தீயிலிட்ட நாடு, பிறிதொரு காலத்தில் அயலவன் பண்டிகைக்கு நேரம் குறித்துக் கொடுக்கின்றது. மனிதர் மாறலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி நமது மரபுக்கு வருவோம். வாணவேடிக்கை நமக்குப் புதியதன்று. தேருக்கு முதனாள் இரவு ஈர்க்குவாணமும் சக்கரவாணமும் பூவாணமும் காணப் பாய் தலையணையோடு கோயில் வீதிக்குச் சென்று மணலிலே படுத்திருந்தோர் நாம். ஆயின் நமது சைவம் வெற்றியைக் கொண்டாடும் முறை தனித்துவமானது. ஐப்பசியில் நவம்பர் 5ஐ அடுத்தோ முன்னோ வரும் கந்தசட்டியை நோக்குக. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சூரசங்காரத்தின் முடிவு தெரியும். மாமரமாய் நின்ற சூரனை வேல் இருகூறாக்கிற்று. கூறுகள் இரண்டும் சேவலும் மயிலுமாயின. ஒன்று கொடியாயிற்று, மற்றொன்று வாகனமாயிற்று. பகைவன் சாம்பராகவில்லை, ஆண்டவன் அருகிலே இடம் பெற்றான். இதனையே நம் பெரியோர் மறக்கருணை என்றனர். தீபாவளிக் கதையும் அத்தகையதே. தன் இறுதி நாளை உலகோர் ஒளியேற்றிக் கொண்டாட வேண்டுமென வரம் வேண்டியவன் நரகாசுரனே என்பர். வென்றவன் தானே கொண்டாடவில்லை. வீழ்ந்தவன் இசைவு தந்தபின்னரே கொண்டாட்டம் பிறந்தது. கதையை எழுதியோர் நுண்ணியர்!

இந்த அளவுகோலைக் கொண்டு நம் நாட்டில் நிகழ்ந்ததையும் நோக்குதல் வேண்டும். 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்ததென்ற செய்தி வந்தபோது கொழும்பு வீதிகளிற் சீனவெடி கொளுத்தப்பட்டது, பாற்சோறு பகிரப்பட்டது. கொளுத்தியோர் யாவரும் கொடியர் என்று கூறோம். 1996இல் மத்திய வங்கி தகர்ந்ததைக் கண்ட நகரம் அது. போர்முனைக்குப் போன மகன் இனித் திரும்புவான் என்று எண்ணிய சிங்களத் தாயின் கண்ணீர் நமது தாயின் கண்ணீரினும் உப்புக் குறைந்ததன்று. அவர்கள் மகிழ்ந்தமைக்குக் காரணமிருந்தது. ஆனால் அதே நாளில், அதே நகரில், கதவை அடைத்துவிட்டு, வன்னியிலே அகப்பட்ட தம் உறவினர் உளரோ இலரோ என்றறியாது வெடியோசை கேட்டிருந்த வீடுகளும் இருந்தன. தெருவிலே கொளுத்தியவர் அவ்வீட்டாரை நினைத்தாரல்லர். அடுத்து வந்த ஆண்டுகளில் வடக்கே இறந்தோர்க்கு வெளிப்படையாக விளக்கேற்றுதலும் நெடுங்காலம் எளிதாயிருக்கவில்லை. வெடிக்குத் தடையில்லை, விளக்குக்கே தடை என்னும் நிலை ஒரு நாட்டுக்கு அழகன்று. ஆங்கிலேயர்க்கு அறிவு வரப் பிடித்த 253 ஆண்டுகளை நாமும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிறர் பட்டறிந்ததைக் கற்றுணர்தற்கே கல்வி உள்ளது.

பூங்காவில் நிகழ்ந்ததன் தொடர்ச்சியைக் கூறி எமது முடிவுக்கு வருவோம். மூன்று நாள் கழித்து, தோழர் வீட்டு அஞ்சற் பெட்டியினுள் ஒரு சிறு கடதாசி கிடந்தது. அயல் வீட்டுப் பெண்மணி, அயர்லாந்திற் பிறந்த கத்தோலிக்கர், கைப்பட எழுதியது. "சனிக்கிழமை மாலை ஏழு மணி தொடக்கம் ஏழரை மணி வரை எங்கள் தோட்டத்திற் பிள்ளைகள் வாணம் விடுவார்கள். உங்கள் வீட்டில் முதியவரோ, கைக்குழந்தையோ, அஞ்சும் நாயோ இருப்பின் அறியத் தாருங்கள், நேரத்தை மாற்றுவோம் அல்லது விடாதிருப்போம்" என்பது அதன் பொருள். அதனைத் தோழர் தம் தாயாருக்குத் தமிழிற் கூறியபோது யாமும் உடனிருந்தோம். முதியவர் அக்கடதாசியைக் கையில் வாங்கி, வாசிக்கத் தெரியாத அவ்வெழுத்துக்களைச் சிறிது நேரம் பார்த்திருந்தார். பின்னர், "எங்களுக்கு ஒருத்தரும் முன்னம் சொல்லயில்லையே" என்றார்.

யாம் தேடிய விடை அதுவே. ஏழு நாட்டு வரலாற்று நூல்களைப் புரட்டினும் இதனினும் தெளிவான விடை கிடைத்திராது. எறிகணைக்கும் வாணத்துக்கும் உள்ள வேறுபாடு மருந்திலில்லை; ஓசையிலில்லை; ஒளியிலுமில்லை. ஒன்று கேளாமல் வருவது. மற்றொன்று கேட்டு வருவது. கேட்டு வருவதே திருவிழா. கேளாமல் வருவது, எத்துணை அழகாய் வானிற் பூத்தாலும், கீழே எவரேனும் ஒருவருக்குப் போரே.

சனிக்கிழமை ஏழு மணிக்கு அவ்வம்மையார் கண்ணாடி யன்னலின் பின்னால் நாற்காலியில் அமர்ந்திருந்தார். பேர்த்தி மடியிலிருந்தாள். ஒவ்வொரு வாணமும் எழும்போது அவர் தோள் சிறிது அதிர்ந்தது உண்மையே. ஆயினும் எழுந்து போகவில்லை. ஏழரை மணிக்கு வாணம் நின்றது. "சொன்ன நேரத்துக்கு முடிச்சிட்டினம்" என்று கூறி எழுந்தார். அவர் அச்சம் தீர்ந்தது என்று யாம் பொய் கூறோம். சொன்ன சொல்லைக் காத்த அயலவர் ஒருவர் உளர் என்பதை அவர் அன்று கண்டார், அவ்வளவே.

ஆகவே விழாக் குழுவினர்க்கு எமது விடை இது: வாணவேடிக்கை நடக்கட்டும். இன்று கல்லூரியிற் பயிலும் சிறுவருட் பெரும்பாலோர் 2009ஆம் ஆண்டின் பின் பிறந்தோர். நாம் இழந்த வானத்தை அவர்க்கு மறுத்தல் நீதியன்று. நமது அச்சத்தை அவர்க்கு முதுசமாய் எழுதிவைத்தல் அன்புமன்று. செலவை யாம் ஏற்போம். ஆயின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம்.

முதலாவது, வெடி குறைக, ஒளி மிகுக. பூவாணமும் சக்கரவாணமும் மத்தாப்பும் மைதானத்தை நிரப்பப் போதியன. வானில் ஏறி அதிர வெடிப்பவற்றை விலக்குக. நமது பழைய கோயில் வாணக்காரர் ஓசையினும் ஒளியிலேயே தம் திறமையைக் காட்டியவர்கள். அக்கைவினை தெரிந்தோர் இன்னும் இருப்பின் அவரை அழைத்துப் பொருள் கொடுத்தல் பெட்டியில் அடைத்து வரும் பொருளை வாங்குவதினும் சிறப்பு.

இரண்டாவது, நேரத்தைக் குறுக்கி, முன்கூட்டி அறிவிக்குக. அறிவித்த நேரத்திலேயே தொடங்கி, அறிவித்த நேரத்திலேயே முடிக்குக. அரை மணி நேரம் போதும். ஒரு நிமிடமேனும் மிகலாகாது.

மூன்றாவதே முதன்மையானது. விழாவுக்கு முன்னைய கிழமையில் உயர்வகுப்பு மாணவர் இருவர் இருவராகக் கல்லூரியைச் சூழ்ந்த ஒழுங்கைகளிலே வீடு வீடாகச் செல்லட்டும். அச்சடித்த துண்டுப் பிரசுரத்தைப் படலையிற் செருகிவிட்டுத் திரும்பாது, முற்றத்தில் இருந்து, "அம்மா, இன்ன நாள் இன்ன நேரம் வாணம் விட இருக்கிறோம். உங்களுக்குச் சம்மதமோ?" என்று கேட்கட்டும். வேண்டாமென்று ஒரு வீட்டார் கூறின், அவர் கூறும் காரணத்தையும் இருந்து கேட்கட்டும். சில வீடுகளில் அக்கேள்விக்கு விடையாக ஒரு நாள் முழுவதும் கேட்க வேண்டியதொரு கதை வரலாம். பாடநூலில் இல்லாத அவ்வரலாற்றை, அதனை வாழ்ந்தவர் வாயிலாக, ஒரு பள்ளிப் பிள்ளை மரியாதையுடன் கேட்டறிதலே நமது வைர விழாவின் தலையாய நிகழ்ச்சியாகும் என்பது எமது துணிபு. கேட்டு வந்தபின் அம்மாணவரே வாணம் வேண்டுமென்று சொல்லின் விடுக. விளக்கு மட்டும் போதுமென்று சொல்லின் மைதானம் முழுவதும் அகல்விளக்கு ஏற்றுக. செலவு எதுவாயினும் யாம் தருவோம். தீர்ப்பு அவர்களுடையதாகட்டும்.

பெற்ற கல்வி யாதென்று எம்மை எவரேனும் வினவின், கணக்கும் பௌதிகமும் என்று முன்னர் விடை கூறியிருப்போம். இன்று, அயலான் வீட்டுப் படலையில் நின்று கேட்கக் கற்றல் என்று கூறுவோம். அதனைக் கற்பிக்கும் கல்லூரி என்றும் விளங்குக.